"பங்களிப்பு தெளிவில்லை" என்று கட்டுரை திரும்பி வருகிறது, எங்கே திருத்துவது?

கேள்வி
வணக்கம். கொழும்பில் கணினி விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வு, இரண்டாம் வருடம். தமிழும் ஆங்கிலமும் கலந்த கருத்துகளைக் கணினியால் வகைப்படுத்துவது பற்றிய 8 பக்க ஆங்கிலக் கட்டுரை. மீளாய்வாளர்கள் பெறுபேற்றைக் குறை சொல்லவில்லை. "பங்களிப்பு தெளிவில்லை, வாசிக்கக் கஷ்டம்" என்கிறார்கள். இலக்கணத்தை மென்பொருளில் போட்டுத் திருத்தியாயிற்று. அடுத்த சமர்ப்பிப்புக்கு 6 கிழமை இருக்கிறது.

பதில் 1
இலக்கணத்தை விடுங்கள் தம்பி, அது கடைசி வேலை. வெறும் தாளில் மூன்று வசனம் எழுதுங்கள்: இதுவரை எது முடியாமல் இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதற்கு எந்த அட்டவணை சாட்சி. மூன்றாவது வசனம் வராவிட்டால் கோளாறு எழுத்தில் இல்லை, பரிசோதனையில். வந்தால் அந்த மூன்றும் முதலாம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பலர் முந்தைய ஆய்வுகளை இரண்டு பக்கம் சொல்லிவிட்டுத்தான் தங்கள் வேலைக்கு வருகிறார்கள். அதற்குள் மீளாய்வாளர் களைத்துவிடுவார். பிறகு, உங்கள் துறைப்பிரிவில் இல்லாத ஒருவரிடம் முதல் பக்கத்தை மட்டும் 10 நிமிடம் கொடுத்து, "நான் என்ன செய்திருக்கிறேன்?" என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் பேனாவை வையுங்கள்.

பதில் 2
மேலே அண்ணா சொன்னது சரி. "வாசிக்கக் கஷ்டம்" என்பதற்கு எங்கள் ஆட்களிடம் தனியாக ஒரு காரணமும் உண்டு. தமிழில் காரணத்தையும் நிபந்தனையையும் முன்னால் அடுக்கி, வினையைக் கடைசியில் வைப்போம். அதே ஒழுங்கில் ஆங்கிலம் எழுதினால் எழுவாய் வர முன்னரே மூன்று வரி போய்விடும். எழுவாயையும் வினையையும் முன்னுக்கு இழுங்கள், காரணம் பின்னால் வரட்டும். அடுத்தது, "திஸ்" (இது) என்று வெறுமனே தொடங்கும் வசனம். "இது பெறுபேற்றைக் கூட்டுகிறது" என்றால் எது? முறையா, தரவா, முன்செயலாக்கமா? ஒவ்வொரு "திஸ்"ஸையும் தேடிப் பிடித்துப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் போடுங்கள். எது எதைக் கூட்டியது என்று தெரியாவிட்டால் பங்களிப்பும் தெரியாது.

பதில் 3
அட்டவணையையும் பாருங்கள். சோதனைத் தொகுதியில், அதாவது முறையைச் சோதிக்க ஒதுக்கிய தரவில், 200 கருத்துகள் என்றால் ஒரு கருத்து 0.5 வீதம். ஒருமுறை ஓட்டிவிட்டு 84.37 என்று துல்லியம் எழுதினால், அப்படியொரு எண் வரவே முடியாது என்று கணக்குத் தெரிந்தவர் பிடித்துவிடுவார். அதே தொகுதியில் 1 வீத முன்னேற்றம் என்பது இரண்டே கருத்துகள்; அதை வைத்து "கணிசமான" என்று எழுதாதீர்கள். விதை எண்ணை (எழுமாறான தெரிவுகளைத் தொடக்கிவைக்கும் எண்) மாற்றி 5 தரமாவது ஓட்டி, சராசரியோடு நியம விலகலையும் கொடுங்கள்.

உசாத்துணையில் ஒரு சின்ன விஷயம்: பிப்டெக்ஸ் கோப்பில் (உசாத்துணைப் பட்டியலைத் தானாக அமைக்கும் கருவிக்கான கோப்பு) கட்டுரைத் தலைப்பிலுள்ள மொழிப் பெயரைச் சுருள் அடைப்புக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் ஐ.ஈ.ஈ.ஈ. என்ற பொறியியலாளர் சங்கத்தின் உசாத்துணைப் பாணியில் "தமிழ்" என்பதன் ஆங்கில முதலெழுத்து சிறிய எழுத்தாகிவிடும்.

கேட்டவர்
நன்றி. முதல் பக்கத்தில் 11 "திஸ்" இருக்கிறது! சமர்ப்பிப்பு நேரம் "ஏ.ஓ.ஈ. 23:59" என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் நேரத்தில் எப்போது?

பதில் 1
ஏ.ஓ.ஈ. என்றால் "எனிவேர் ஒன் ஏர்த்", பூமியில் எங்காவது அந்த நாள் முடியாமல் இருக்கும்வரை என்று அர்த்தம். அது யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்திலிருந்து 12 மணி பின்னால், நாங்கள் 5:30 முன்னால். ஆகவே கொழும்பில் மறுநாள் மாலை 5:29. ஆனால் முதல்நாள் இரவே ஒரு பிரதியை ஏற்றிவிடுங்கள். நேரம் முடியுமட்டும் பெரும்பாலும் மாற்றலாம்.