ஃபில்டர் குழாயில் சிக்கும் குட்டி நத்தைகள்

கேள்வி, காரைக்குடி:
வளவில் இரண்டடித் தொட்டி. ஒரு ஃபைட்டர் மீன், ஆப்பிள் நத்தைகள். தொட்டி விளிம்பில் தொங்கும் ஃபில்டரின் இழுகுழாயில் (தண்ணீரை உள்ளே இழுக்கும் குழாய்) பிளவுகள் அகலம். குட்டி நத்தைகள் உள்ளே போகின்றன, ஃபைட்டரின் வாலும் கிழிகிறது. பார்க்க மனசு கேட்கவில்லை. அப்பத்தாவின் பழைய பித்தளை வடிகட்டியை வெட்டி மாட்டலாமா?

பதில், தேவகோட்டை:
பித்தளை வேண்டவே வேண்டாம் ஆச்சி. அதில் பாதிக்கு மேல் செம்பு. மீன் தாங்கும் அளவு செம்பைக்கூட நத்தை தாங்காது. குழாயில் பஞ்சு உறை மாட்டுங்கள். இழுப்பு பஞ்சு முழுக்கப் பரவிவிடும், வால் சிக்காது. பொடித்துளைப் பஞ்சு சீக்கிரம் அடைத்து மோட்டார் திணறும். கொஞ்சம் பெரிய துளையாகப் பாருங்கள். அழுக்கானால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். குளோரின் கலந்த தண்ணீர் பட்டால், பஞ்சில் வளர்ந்து தொட்டித் தண்ணீரைச் சுத்தமாக்கும் நல்ல பாக்டீரியா செத்துவிடும்.

பதில், பள்ளத்தூர்:
பஞ்சு கிடைக்கும்வரை நைலான் காலுறைத் துண்டை ரப்பர் பேண்டால் கட்டலாம். சீக்கிரம் அடைக்கும், தினம் பார்க்கணும்.

காரைக்குடி:
சரி அண்ணே, பித்தளை வேண்டாம். கரண்ட் போனதும் நத்தைகள் குழாய்மேல் ஏறிவிடுகின்றனவே, திரும்ப வந்ததும் இழுத்துவிடாதா?

தேவகோட்டை:
உறை இருந்தால் பயமில்லை, ஊர்ந்து விலகிவிடும். என்னைக் கேட்டால் ஏர் பம்பில் ஓடும் பஞ்சு ஃபில்டருக்கே மாறிவிடுங்கள். அதில் வெளியே திறந்த பிளவுள்ள இழுகுழாயே கிடையாது, ஃபைட்டருக்கும் தண்ணீர் வேகம் குறையும்.