டின் விசிலில் விப்ராட்டோ: விரலா, வயிறா?

செந்தூல்_கவிதா

வணக்கம். என்னிடம் இருப்பது டி சுருதி டின் விசில், நேராகப் பிடித்து ஊதும் சின்னக் குழல், ஆறு துளை, பித்தளை. வேகமான ஜிக், ரீல் நடன மெட்டுகள் எல்லாம் ஓரளவு வாசிப்பேன். இப்போது மெதுவான ஐரிஷ் மெட்டு ஒன்றை எடுத்திருக்கிறேன். நீட்டிப் பிடிக்கும் சுரங்கள் மொட்டையாக நிற்கின்றன. விப்ராட்டோ, அதாவது சுரத்தை லேசாக அலைய விடுவது, போடலாம் என்று பார்க்கிறேன். எனக்கு ஃபுளூட் சொல்லித்தந்தவர் வயிற்றிலிருந்து மூச்சை அசைக்கச் சொல்கிறார். காணொளிகளில் பார்த்தால் பலரும் கீழே திறந்திருக்கும் துளையின் மேல் விரலை ஆட்டுகிறார்கள். எதைப் பழகுவது? இரண்டையும் பழகு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், வேலைக்குப் போய்வந்து பழகுகிற ஆள் நான்.

தண்ணீர்மலை_மணி

விரல்தான், தங்கச்சி. ஃபுளூட்டில் உதடு இருக்கிறது. மூச்சு கூடும்போது சுருதி ஏறாமல் உதட்டால் சரிக்கட்டலாம். விசிலில் காற்று போகும் பாதை மாற்ற முடியாதபடி அமைத்தது, அங்கே உதட்டுக்கு வேலையே கிடையாது. மூச்சு கூடினால் சத்தமும் கூடும், சுருதியும் ஏறும், இன்னும் கொஞ்சம் கூடினால் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். சுருதி காட்டும் டியூனரை எதிரே வைத்துக்கொண்டு வயிற்றை அசைத்துப் பாருங்கள், ஊசி படும் பாடு தெரியும்.

ஜி சுரத்தில் ஆரம்பியுங்கள். மேலே மூன்று துளை மூடியிருக்கும். நான்காவதைத் தொடாதீர்கள், தொட்டால் எஃப் ஷார்ப்பில் போய் விழும், அது இரண்டு சுரம் மாறி மாறி ஒலிக்கும் ட்ரில் ஆகிவிடும். ஒன்றைத் தாண்டி ஐந்தாவது துளையில் விரலை மெல்ல வைத்து எடுங்கள். சுருதி ஒரு நூல் இறங்கி ஏறும். துளை தள்ளிப்போகப் போக அசைவு சிறிதாகும். எனக்கு ஆறாவது போதும், உங்களுக்கு ஐந்தாவது பிடிக்கலாம்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_சேகர்

மணி அண்ணே, பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டீர்கள். விரல் வைத்தால் சுருதி இறங்க மட்டும்தான் செய்யும். மேலே போகவே போகாது. சுரம் சுருதிக்குக் கீழேயே ஊசலாடிக்கொண்டிருக்கும், கேட்பவருக்கு இவர் சுருதி சேரவில்லை என்றுதான் தோன்றும். பாட்டுக்காரரின் குரல் இரண்டு பக்கமும் அசைகிறது. மூச்சில்தான் அது வரும்.

இன்னொன்று. அடி டி சுரத்துக்கு ஆறு துளையும் மூடியிருக்கும். அங்கே எந்த விரலை ஆட்டுவதாக உத்தேசம்? காலையா?

கவிதா, தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து ஒரு அடிக்கு இரண்டு துடிப்பு, அப்புறம் மூன்று, அப்புறம் நான்கு. தொண்டையைத் தொட விடாதீர்கள். தொண்டை சேர்ந்தால் ஆடு கத்துவதுபோல் ஆகிவிடும். பள்ளி வாத்தியக் குழுவில் ஃபுளூட் வாசித்த காலத்திலிருந்து எனக்குப் பலன் தருவது இதுதான்.

கெப்போங்_முரளி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இந்த மெதுவான மெட்டுகள் பெரும்பாலும் பாட்டிலிருந்து வந்தவை. ஷான்-நோஸ் என்கிற அந்தப் பழைய ஐரிஷ் பாடுமுறையைக் கேட்டுப் பாருங்கள். பக்கவாத்தியம் கிடையாது, குரல் நேராக நிற்கும். அழகெல்லாம் சின்னச் சின்னச் சுழிப்பிலும் சொல்லை நீட்டுகிற விதத்திலும் இருக்கும். ஆப்பரா மாதிரி நடுங்காது. நீங்கள் இருவரும் சுவர் பூசாத வீட்டுக்கு என்ன வண்ணம் என்று சண்டை போடுகிறீர்கள். ஒரு சுரத்தை எட்டு எண்ணும் வரை ஊசி அசையாமல் பிடிக்க முடியாதவர்கள்தான் முதலில் விப்ராட்டோவைத் தேடி ஓடுகிறார்கள்.

தண்ணீர்மலை_மணி

முரளி சொல்வதில் பாதிக்கு நான் கைகொடுப்பேன். எல்லா நீட்டலிலும் போட்டால் சகிக்காது. ஆனால் அங்கே விப்ராட்டோவே கிடையாது என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அயர்லாந்தின் இல்லியன் பைப்ஸைப் பாருங்கள். கையிடுக்கில் துருத்தி, வாய்க்கு அங்கே வேலையே இல்லை. அதில் மெதுவான மெட்டு வாசிப்பவர்கள் திறந்த துளைகளின் மேல் விரலை ஆட்டித்தான் சுரத்தை அசைக்கிறார்கள். பைப்ஸும் விசிலும் சேர்ந்து வாசிப்பவர்கள் அந்த ஊரில் நிறைய. கை பழகியதை விசிலுக்கும் கொண்டுவருவதில் என்ன ஆச்சரியம்?

சேகர் தம்பிக்கு: கீழே மட்டும் போகிறது என்பது உண்மைதான். அதற்குத்தான் துளையை முழுக்க மூடாமல் ஓரத்தை மட்டும் விரல் சதையால் மறைத்து எடுப்பது. மூச்சை ஒரு மயிரிழை கூட்டிக்கொண்டால் சுருதி சரியாகவே நிற்கும். ஈ சுரத்தில் இந்த ஓரத் தொடல் இல்லாமல் முடியவே முடியாது. அங்கே திறந்திருப்பது ஆறாவது ஒன்றுதான், முழுக்க மூடினால் டி வந்துவிடும்.

டி-க்கும் பதில் இருக்கிறது. இது புதுப் பிரச்சினை இல்லை. 1707-இல் பாரிசில் ஓத்தெத்தேர் என்பவர் புல்லாங்குழலுக்கும் ரெக்கார்டர் குழலுக்கும் ஓபோ என்கிற ஊதுவாத்தியத்துக்கும் சேர்த்து ஒரு பாடநூல் போட்டார். விரலால் அசைக்கும் முறை அதில் சுரம் சுரமாக இருக்கிறது. எல்லாத் துளையும் மூடியிருக்கிற டி-க்கு அவர் சொன்ன வழி, கீழ்க்கையால் குழலையே அசைப்பது. விரல் மூடியபடி இருக்கட்டும், குழல் ஆடட்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_சேகர்

1707-ஐ எல்லாம் இழுத்து வருகிறீர்கள். சரி, வீட்டிலேயே உதாரணம் தருகிறேன். நம்முடைய மாலி, டி.ஆர். மகாலிங்கம், மூங்கில் குழலில் வாய்ப்பாட்டையே கொண்டுவந்தவர் என்கிறார்கள். வெறும் விரலை வைத்துக்கொண்டா அது முடிந்தது?

வேணு_டீச்சர்

சேகர், மாலியை இந்த வழக்குக்குச் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள், எதிர்த்தரப்புக்குச் சாதகமாகப் பேசிவிடுவார். அவருடைய பெரிய மாற்றமே விரலில்தான். துளையைப் பாதி மூடுவது, விரலைக் கோத்து மாற்றுவது, அதனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளி இல்லாமல் வழுக்கிப் போவது. மூச்சும் உதடும் அதோடு ஒத்துப்போகும், அவ்வளவுதான்.

அதைவிட முக்கியம், கமகத்தையும் இதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. தோடியில் காந்தாரம் அசையாமல் நின்றால் அது தோடியே இல்லை. அசைவு அங்கே ராகத்தின் இலக்கணம், வேண்டும் வேண்டாம் என்று முடிவு செய்ய வாசிப்பவருக்கு உரிமை இல்லை. ஐரிஷ் மெட்டில் அந்தச் சுரம் நேராக நின்றாலும் மெட்டு மெட்டுதான். என் மாணவர்கள் விசிலை எடுத்தவுடன் கர்நாடக அசைவை அள்ளிப் போடுவார்கள், கேட்கச் சங்கடமாக இருக்கும். ஆனால் விரல் நுனியை விட்டு நடுச்சதையால் துளையை மூடுவது, அவசரமில்லாமல் உருட்டி எடுப்பது, இவையெல்லாம் குழல் பழகியவர்களுக்குச் சும்மா கிடைக்கும். கவிதா ரெக்கார்டர் பிடிப்பதுபோல் நுனியால் மூடுகிறார் என்று நினைக்கிறேன். தொடக்கப்பள்ளியில் எல்லோரும் அப்படித்தானே பிடித்தோம்?

செந்தூல்_கவிதா

டீச்சர், அப்படியே பிடித்துவிட்டீர்கள். நுனியால்தான்.

மணி அண்ணன் சொன்னபடி ஜி-யில் ஐந்தாவது துளை, உடனே வந்தது. பி-க்கு ஐந்தாவதும் ஆறாவதும் காதில் விழவே இல்லை. சேகர் சொன்ன மெட்ரோனோம் பயிற்சி நான்கு துடிப்பு வரும்போது ஏற்றமும் இறக்கமுமாக அழுகிறது. இதற்கிடையே ஏர்கோன் அறையில் கொஞ்ச நேரம் வாசித்ததும் விசில் கரகரத்து அடைத்துக்கொள்கிறது.

தண்ணீர்மலை_மணி

அடைப்பு மூச்சின் ஈரம். குளிர்ந்த உலோகத்தில் பட்டதும் நீராகிக் காற்றுப் பாதையில் நிற்கிறது. தொடங்கும் முன் விசிலின் தலையை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்குங்கள். அடைத்தால் ஊதுவாய்க்குச் சற்றுக் கீழே சத்தம் வெளிவரும் பிளவை விரலால் மூடிக்கொண்டு பலமாக ஒரு ஊது. பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டைத் தண்ணீரில் கரைத்து உள்ளே ஓடவிட்டுக் காயவைப்பதும் உண்டு, நீர் துளியாகத் திரளாது. நான் காலையில் பூந்தோட்டத்தில் வாசிப்பேன், அங்கே இந்தத் தொல்லை இல்லை. குரங்குகள்தான் தொல்லை.

பி-க்குக் கீழே நிறையத் துளை திறந்திருக்கிறது, ஒரு விரல் போதாது. மூன்றாவதின் ஓரத்தைத் தொடுங்கள், அல்லது வலது கை மூன்று விரலையும் ஒன்றாக வைத்து எடுங்கள். மேல் ஸ்தாயியில் இந்தக் கணக்கே மாறும், உங்கள் விசிலில் எது கேட்கிறது என்று காதால் தேடுங்கள்.

கெப்போங்_முரளி

வலது கையை மொத்தமாக ஆட்டும்போது விசில் கீழே விழாமல் இருந்தால் சரி. நான் எட்டு எண்ணச் சொன்னதை யாரும் செய்து பார்க்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_சேகர்

நான் செய்தேன் முரளி, எட்டு என்ன, பன்னிரண்டு வரை ஊசி நின்றது. வயிற்றுப் பயிற்சியின் புண்ணியம்.

மணி அண்ணன் சொன்ன அந்த டி ஆட்டத்தையும் முயன்றேன். அசைவு வருகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊதுவாய் பல்லில் இடிக்கிறது.

தண்ணீர்மலை_மணி

பல்லில் ஏன் வைக்கிறீர்கள்? உதட்டில் மட்டும் நிற்கட்டும். முன்னும் பின்னும் தள்ளக் கூடாது தம்பி, கீழ்க்கை மணிக்கட்டு மட்டும் லேசாக ஆட வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_சேகர்

இவ்வளவு வித்தை காட்டுவதற்கு மூச்சை ஒரு துளி அசைத்துவிட்டுப் போகலாம். டி-யில் நான் வயிறுதான். ஜி-யில் வேண்டுமானால் உங்கள் ஐந்தாவது துளையை எடுத்துக்கொள்கிறேன்.