கோவிட் வார்டில் மாணவிகளாக நின்ற நாட்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

இறுதித் தேர்வுக்குக் காத்திருந்த பி.எஸ்சி நர்சிங், ஜி.என்.எம் (நர்சிங் டிப்ளமோ) மாணவர்களையும் மூத்த ஆசிரியர்களின் மேற்பார்வையில் முழுநேரக் கோவிட் பணியில் ஈடுபடுத்தலாம் என்று 2021 மே 3 அன்று மத்திய அரசு அறிவித்தது. 100 நாள் முடிப்பவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்றார்கள். எங்கள் மனசு என்ன ஆகும் என்று எங்கள் கல்லூரியில் யாரும் கேட்கவில்லை.

தொற்றுப் பயம் எனக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. பழகாதது, நோயாளிகளை வீட்டாரிடம் வீடியோ காலில் காட்டும் வார்டு போன்தான். பி.பி.இ. கிட்டுக்குள் வியர்த்து, கண்ணாடி மங்கி, அந்தப் போனை நோயாளியின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். "அப்பா, கண்ணைத் திறப்பா" என்பாள் மகள். ஆக்சிஜன் இரைச்சலில் அவருக்குக் கேட்காது. நான் குனிந்து, "உங்க பொண்ணு கண்ணைத் திறக்கச் சொல்றாங்கய்யா" என்பேன். ஒருநாள் அப்படிச் சொல்லும்போதே சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) மளமளவென்று இறங்கியது. டியூட்டி சிஸ்டர் ஓடிவந்து என்னை விலக்கினார்கள். போன் கால் கட்டாகவில்லை. "என்னாச்சு சிஸ்டர், சொல்லுங்க சிஸ்டர்" என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அப்போது சிஸ்டரே ஆகியிருக்கவில்லை.

ஹாஸ்டலுக்கு வந்தால் தனித்தனி அறை, கதவுக்கு வெளியே சாப்பாட்டுப் பொட்டலம். அம்மாவிடம் சொன்னால் மறுநாளே வந்து கூட்டிப்போய்விடுவார் என்பதால் தினமும், "சாப்பிட்டேன்மா, நல்லா இருக்கேன்."

*மதுரைப் பக்கம், ஜி.என்.எம்*

எங்களுக்கு ஒரு சீனியர் சிஸ்டர் வாய்த்தார்கள். டியூட்டி முடிந்து குளித்துவிட்டு வந்ததும் மாடிப்படியில் இடைவெளி விட்டு உட்காரச் சொல்வார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "இன்னிக்கு எந்த பெட்டு?" பெட் நம்பரைச் சொல்லி, நடந்ததைச் சொல்லிவிட்டு அழலாம். அறிவுரை எதுவும் வராது. தனக்கு மறக்காத பெட் எது என்று அவர்களும் சொல்வார்கள். பிறகு அவர்களுக்கே பாசிட்டிவ் ஆனது, அந்தப் படிக்கட்டுப் பேச்சும் நின்றது. எங்கள் பேட்சில் ஒருத்தி சாப்பிடுவதையே விட்டாள், அப்புறம் படிப்பையும் விட்டுவிட்டாள். அவள் வீட்டுக்குக் கல்லூரியிலிருந்து போன் போனது, அட்டென்டன்ஸ் குறைகிறது என்று சொல்ல. ஆள் பற்றாக்குறை என்றால் நாங்கள் நர்ஸ், சம்பளம் என்று கேட்டால் மாணவிகள். இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

*நர்சிங் படித்த பையன்*

உடலைப் பையில் வைத்துத் தூக்குவது பெரும்பாலும் எங்கள் தலையில்தான் விழுந்தது. "ஆம்பளப் பசங்க, தாங்குவீங்க" என்றார்கள். ஜிப் இழுக்கும் சத்தம் கேட்டால் பல மாதம் நெஞ்சு படபடக்கும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பையைத் திறந்தாலும் கூட. 2022 அக்டோபரில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் வந்த பிறகுதான் 14416க்குக் கூப்பிட்டேன். இலவசம், தமிழிலேயே பேசலாம். அவர்கள் சொல்லித்தான் மனநல மருத்துவரிடம் போனேன். இப்போது தூக்கம் வருகிறது. தயங்குகிறவர்கள் கூப்பிடுங்கள்.

*முதலில் எழுதியவள்*

இரண்டு பேருக்கும் நன்றி. நான் இப்போது நர்சிங் கல்லூரியில் டியூட்டராக இருக்கிறேன். ஒரு மாணவி முதல் மரணத்தைப் பார்க்கும் அன்று, அடுத்த ஷிஃப்டிடம் ஹேண்டோவர் முடிந்ததும் அவளை அப்படியே ஹாஸ்டலுக்கு அனுப்புவதில்லை. உட்காரவைத்துப் பேசுகிறேன். வார்டு போஸ்டிங் விதியிலேயே இதைச் சேர்க்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். மதுரைத் தோழி, அந்த சிஸ்டர் மாதிரி பெட் நம்பரிலிருந்து தொடங்குவதை நாளை முதல் நானும் செய்து பார்க்கிறேன். வேறு கல்லூரிகளில் ஏதாவது ஏற்பாடு இருந்தால் எழுதுங்கள்.