ரொறன்ரோவின் ஜூனியர் ஹொக்கியை லீஃப்ஸ் வளர்த்ததா, விழுங்கியதா?

பனிக்கட்டி_ரவி
பெடியனுக்கு 11 வயது. போன கிழமை வந்து, "அப்பா, லீஃப்ஸ் ரிக்கெட் விலை கட்டாது எண்டு தெரியும், எங்கட ஊர் ஜூனியர் ரீமையாவது பார்க்கப் போவமா" என்று கேட்டான். லீஃப்ஸ் என்றால் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ், என்.எச்.எல். என்ற பெரிய சம்பள லீக்கில் விளையாடுகிற ரீம்; ஜூனியர் என்றால் 16 முதல் 20 வயதுப் பெடியள். எந்த ஜூனியர் ரீமைச் சொல்வது? கனடாவின் மிகப் பெரிய நகரம், பெரிய ஜூனியர் லீக்கான ஒன்ராறியோ ஹொக்கி லீக்கில் ரொறன்ரோ என்ற பெயரில் ஒரு கழகம்கூட இல்லை. கடைசியில் 401 நெடுஞ்சாலையில் ஏறி ஓஷவாவுக்குப் போய் அங்குள்ள ஜெனரல்ஸ் ரீமைப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஒரு காலத்தில் இந்த நகரத்தைப் பார்த்துத்தான் மற்ற ஊர்கள் பயந்தன. முதல் உலகப் போரில் செத்தவர்களின் நினைவாக 1919இல் கனடாவின் ஜூனியர் சம்பியனுக்கான மெமோரியல் கிண்ணம் தொடங்கியபோது முதலில் தூக்கியதே ரொறன்ரோவின் ஒரு பள்ளிக்கூட ரீம். பிறகு ரொறன்ரோ மார்ல்பரோஸ், அதாவது மார்லீஸ், 7 தடவை (1929, 55, 56, 64, 67, 73, 75), கத்தோலிக்கப் பள்ளி ரீமான சென் மைக்கல்ஸ் 4 தடவை (1934, 45, 47, 61). இப்போது பூச்சியம். என்னைக் கேட்டால் ஒரே காரணம்தான்: லீஃப்ஸ். பக்கத்தில் எதுவும் முளைக்கவிடாத ஆலமரம்.

மேப்பிள்_மணியம்
தம்பி, முதலில் கணக்கைத் திருத்துங்கோ. 1936இல் வென்ற வெஸ்ட் ரொறன்ரோ நஷனல்ஸை விட்டுவிட்டீர்கள்.

ஆலமரக் கதையும் தலைகீழ். மார்லீஸுக்குத் தண்ணி ஊற்றியதே லீஃப்ஸ்தான். 1929இல் வென்ற அணியில் சார்லி கொனாச்சர், புஷர் ஜாக்சன். இரண்டு பேரும் நேரே லீஃப்ஸுக்குப் போய் ஜோ பிரிமோவோடு சேர்ந்து 'கிட் லைன்' என்ற மூவர் முன்வரிசை ஆனார்கள். அதே பிரிமோ பிறகு பயிற்சியாளராக வந்து, 1945இல் சென் மைக்கல்ஸோடு மெமோரியல் கிண்ணம், 1950இல் மார்லீஸின் சீனியர் அணியோடு அமெச்சூர் சீனியர் அணிகளுக்கான அலன் கிண்ணம், 1951இல் லீஃப்ஸோடு என்.எச்.எல். சம்பியனுக்கான ஸ்டான்லி கிண்ணம். மூன்றையும் வென்ற பயிற்சியாளர் வேறு ஒருவரும் இல்லை. மூன்றும் ஒரே ஊர். இது விழுங்கினதா, வளர்த்ததா?

பனிக்கட்டி_ரவி
வளர்த்ததுதான் அண்ணை, மறுக்கவில்லை. கறிக்கு வளர்க்கிற கிடாய்க்கும் குழை போடத்தான் செய்வார்கள், அதைப் பாசம் என்று சொல்லலாமா? அந்தக் காலத்தில் என்.எச்.எல். கழகங்கள் ஜூனியர் ரீமுக்குக் காசு கொடுத்து அங்குள்ள பெடியளைத் தங்களுக்கென்று பிடித்து வைத்துக்கொண்டன. கத்தோலிக்கப் பெடியன் என்றால் சென் மைக்கல்ஸ், மற்றவன் மார்லீஸ், இரண்டு வாய்க்காலும் லீஃப்ஸின் வயலுக்குத்தான். 1963இல், கழகங்கள் முறைபோட்டு இளம் ஆட்களைத் தெரிவுசெய்கிற 'டிராஃப்ட்' வந்தது. முதல் ஆளாகத் தெரிவானவன் கரி மோனஹன், சென் மைக்கல்ஸ் பெடியன், எடுத்தது மொன்றியல்! அறுபதுகளின் கடைசியில் பழைய முறை அடியோடு போன பிறகு, மார்லீஸை வளர்த்து லீஃப்ஸுக்கு என்ன லாபம்? 1989இல் ஹமில்டனுக்குப் போனது, இரண்டே வருடத்தில் அங்கிருந்து குவெல்ஃப், இப்போது பெயர்கூட 'ஸ்டோர்ம்'. லாபம் நின்றது, பாசமும் நின்றது.

சுகந்தி_விக்டோரியாபார்க்
இரண்டு பேரும் சென் மைக்கல்ஸை ஏதோ லீஃப்ஸின் கோழிக்கூடு மாதிரிக் கதைக்கிறீர்கள். அந்த ரீமை லீஃப்ஸ் மூடவில்லை, பாதிரிமாரே மூடினார்கள். 1961இல் ஃபாதர் டேவிட் பவர் பயிற்சியில் கிண்ணத்தை வென்றுவிட்டு, அடுத்த வருடமே பெரிய ஜூனியர் லீக்கை விட்டு விலகினார்கள். ஆட்டங்கள் கூடிவிட்டன, பயணம் கூடிவிட்டது, பிள்ளை எப்போது படிப்பது? வென்ற கையோடு நிறுத்துவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ரீம் போனது எங்கே தெரியுமா? எங்கள் ஸ்காபரோப் பக்கம், விக்டோரியா பார்க் வீதியிலுள்ள நீல் மக்நீல் பள்ளிக்கு. 'மரூன்ஸ்' என்ற பெயரில் ஒரே ஒரு பருவம், 1962-63. பிறகு ஆட்கள் மார்லீஸோடு சேர, அந்தக் கூட்டணிதான் 1964இல் கிண்ணத்தைத் தூக்கியது. நான் எத்தனையோ வருடம் அந்தப் பள்ளியைத் தாண்டி வேலைக்குப் போயிருக்கிறேன், இப்படி ஒரு கதை உள்ளே இருக்கிறது என்று போன வருடம்தான் தெரியும் 🙂

கோவை_கார்த்திக்
நான் டொராண்டோ வந்து மூணு வருஷம்தான், தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க. ஆனா நீங்க எல்லாரும் காசு வந்த பிறகு நடந்ததையே பேசறீங்க. உண்மையான அமெச்சூர் காலம் அதுக்கு முன்னாடி. 1922, 23ல அலன் கோப்பை ஜெயிச்ச டொராண்டோ கிரானைட்ஸ்தான் கனடா அணியா 1924 ஷமோனி ஒலிம்பிக் போனது. ஐந்து ஆட்டம், 110 கோல் போட்டு வாங்கினது 3. சுவிஸை 33-0! ஹாரி வாட்சன் தனியா முப்பதுக்கு மேல அடிச்சார், திரும்பி வந்து காசு ஆட்டத்துக்குப் போகவே இல்லை. 1928ல யுனிவர்சிட்டி பசங்க அணி, மூணு ஆட்டம், 38-0. அந்த மாதிரி ஆட்களை லீஃப்ஸ் உருவாக்கலை.

மேப்பிள்_மணியம்
கார்த்திக் தம்பி, 33-0 என்றால் அது போட்டியா? பாவம் சுவிஸ்காரன். கிரானைட் கழகம் வசதியானவர்கள் கேர்லிங் விளையாடிய இடம். சம்பளம் வாங்காமல் விளையாட வீட்டில் அடுப்பு எரியவேண்டும். அங்கேயும் எல்லாரும் வாட்சன் இல்லை, ஹூலி ஸ்மித், டங்க் மன்றோ எல்லாரும் ஒலிம்பிக் முடிந்ததும் காசுக்குப் போனவர்கள்தான். அதில் பிழையும் இல்லை.

ரவிக்கு ஒன்று சொல்கிறேன். நான் இங்கே வந்து இரண்டாவது குளிர்காலம், 1985 என்று நினைவு. ஞாயிறு பின்னேரம் கோப்பை கழுவுகிற வேலைக்கு முன் இரண்டு மணித்தியாலம் கிடைக்கும். அறையில் ஹீற்றர் வேலை செய்யாது. லீஃப்ஸின் அரங்கான மேப்பிள் லீஃப் கார்டன்ஸுக்குள் போனால் சூடு என்று ஒருவன் சொன்னான், போனேன். மார்லீஸ் ஆட்டம். உச்சியில் சாம்பல் நிறச் சீற்றுக்குத்தான் ரிக்கெட், ஆனால் கீழே அவ்வளவும் வெறுமை, மெல்ல மெல்ல இறங்கி சிவப்புச் சீற்றில் போய் இருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை. பக் என்ற ரப்பர் தட்டு பலகையில் பட்டால் அந்தப் பெரிய மண்டபம் முழுக்க வெடி போட்ட மாதிரிக் கேட்கும், கத்தி அதை மூட ஆட்கள் இல்லை. லீஃப்ஸ் அந்த வருடங்களில் தோற்றுத் தோற்றுக் கிடந்தது, அதற்கு அரங்கு நிறையும். மார்லீஸ் வென்றாலும் வராது. கொன்றது லீஃப்ஸ் இல்லை தம்பி, வராத சனம்.

பனிக்கட்டி_ரவி
அதைத்தான் அண்ணை நானும் சொல்கிறேன்! தோற்கிற லீஃப்ஸுக்கு நிறைகிறது, வெல்கிற மார்லீஸுக்கு வெறுமை. நிழல் என்பது வேறென்ன? அறுபது கிலோமீற்றர் தள்ளி ஓஷவாவில் அந்த நிழல் விழவில்லை, அங்கே ரீம் இருக்கிறது. 1997இல் சென் மைக்கல்ஸ் மறுபடி பெரிய லீக்குக்கு வந்ததே, பத்து வருடத்தைத் தாண்டித் தாக்குப்பிடித்ததா? 2007இல் மிசிசாகா, 2024இல் பிரம்டன். நகரத்தைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போகிறது.

சுகந்தி_விக்டோரியாபார்க்
ரீம்தான் போனது, ஆட்டம் போகவில்லை. ரொறன்ரோப் பகுதிச் சிறுவர் லீக்கான ஜி.ரி.எச்.எல்.-இல் இன்றைக்கும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள், உலகத்திலேயே பெரிய சிறுவர் ஹொக்கி அமைப்பு அது. அங்கே மார்ல்பரோஸ் என்ற பெயரே இன்னும் உயிரோடு இருக்கிறது. என்.எச்.எல். நட்சத்திரம் ஜோன் ரவாரெஸ் அந்த உடுப்பைப் போட்டவன்தான், 2005இல் ஓஷவாவுக்குப் போனான். கொனர் மக்டேவிட்டும் அப்படியே, 2012இல் எல்லை தாண்டி அமெரிக்காவின் ஈரிக்கு. நாங்கள் விதைக்கிறோம், அறுவடை வேறு ஊரில். 15, 16 வயதில் பிள்ளை யாரோ ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போகிறான். ரொறன்ரோவில் ஒரு ரீம் இருந்தால் சில பேராவது இரவில் அம்மாவின் சோற்றைச் சாப்பிட்டிருப்பார்கள். எனக்கு அந்தக் கவலைதான், கிண்ணக் கணக்கு இல்லை.

கோவை_கார்த்திக்
ஒரு சின்ன சந்தேகம், இப்ப டவுன்டவுன் பக்கத்துல விளையாடற மார்லீஸ் யார் அப்போ? நான் அதையே பழைய டீம்னு நினைச்சுட்டேன்.

பனிக்கட்டி_ரவி
பெயர் மட்டும் அது. 2005இல் நியூஃபவுண்ட்லாந்தின் சென் ஜோன்ஸிலிருந்து கொண்டுவந்த லீஃப்ஸின் சம்பள ரீம். பிள்ளையைத் துரத்திவிட்டு அதன் சட்டையை வேறு பிள்ளைக்குப் போட்ட மாதிரி. இதற்கு மணியம் அண்ணை என்ன சொல்லப்போகிறார்?

மேப்பிள்_மணியம்
சரி, சட்டை விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் பிழை. அடுத்த ஓஷவா ஆட்டம் எப்போது? நான் பிக்கரிங்கில் நிற்கிறேன், பெடியனோடு வரும்போது ஏற்றிக்கொண்டு போங்கோ, முன் சீற்று எனக்கு.