326.5 மெகாஹெர்ட்ஸ்னா 0.92 மீட்டர் எப்படி வருது?

கேள்வி:
பிளஸ் டூ பிசிக்ஸ் படிக்கிறேன். ஊட்டி ரேடியோ டெலஸ்கோப் 326.5 மெகாஹெர்ட்ஸ்ல வேலை செய்யுது, அலைநீளம் 0.92 மீட்டர்னு படிச்சேன். ஒண்ணு தெரிஞ்சா இன்னொன்ன எப்படி கண்டுபிடிக்கிறது? அதிர்வெண் கூடினா அலைநீளம் ஏன் குறையுது?

பதில் 1:
வேகம் = அதிர்வெண் × அலைநீளம், அவ்ளோதான் தம்பி. வெற்றிடத்துல எல்லா மின்காந்த அலைக்கும் வேகம் ஒண்ணுதான், செகண்டுக்கு சுமார் 3 லட்சம் கிமீ, அது மாறாதுங்கறதால ஒண்ணு கூடினா இன்னொண்ணு குறைஞ்சே ஆகணும். ஷார்ட்கட் வேணும்னா 300ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்துடு, நேரா மீட்டர்ல வந்துடும். 300 ÷ 326.5 = 0.92. எஃப்எம் 100 மெகாஹெர்ட்ஸ்னா 3 மீட்டர்.

பதில் 2:
அந்த டெலஸ்கோப்ப பத்தி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், 530 மீட்டர் நீளம் 30 மீட்டர் அகலம் இருக்கே, அதுல அலைய திருப்பி அனுப்ப தகடே கிடையாது, 1,100 மெல்லிய ஸ்டீல் கம்பிய நீளவாக்குல கட்டியிருக்காங்க, கம்பிக்கு நடுவுல இருக்கற இடைவெளி 92 செ.மீ. அலைக்கு முன்னாடி ரொம்ப சின்னதுங்கறதால அலை உள்ள புகுந்து போகாம திரும்பிடும். அலைநீளம் தெரிஞ்சதாலதான் இப்படி டிசைன் பண்ண முடிஞ்சது, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது.

கேள்வி கேட்டவர்:
சூப்பர் அண்ணா! கண்ணாடிக்குள்ள ஒளி போனா வேகம் குறையுமே, அப்போ எது மாறும்?

பதில் 1:
அலைநீளம் மட்டும்தான். அதிர்வெண் அப்படியே இருக்கும். கண்ணாடியோட ஒளிவிலகல் எண் (வெற்றிடத்த விட அதுக்குள்ள ஒளி எத்தனை மடங்கு மெதுவா போகுதுங்கறது) 1.5ன்னா, வெளியில 600 நானோமீட்டரா இருக்கற அலைநீளம் கண்ணாடிக்குள்ள 400 ஆயிடும், ஆனா நிறம் மாறாது. எக்ஸாம்ல இதுலதான் நிறைய பேர் மார்க் விடறாங்க, பாத்துக்கோ.