1903ஆம் ஆண்டு ஒரு வெள்ளி நாணயம்: அச்சுப் பிழையா, பிற்காலச் சேதமா?

தண்ணீர்மலை வாசி:
வணக்கம். ஏழாம் எட்வர்டு மன்னரின் உருவம் பொறித்த 1903ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்ற (பிரிட்டிஷார் ஆண்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், நாணயம் எங்கள் பாட்டியின் பெட்டியிலிருந்து கிடைத்தது. அதில் ஆண்டின் கடைசி இலக்கமான 3 இரட்டையாகத் தெரிகிறது. விளிம்பில் ஓரிடத்தில் பிறை போலச் சிறிது உலோகம் குறைந்தும் இருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை பினாங்கின் லோரோங் கூலிட் சந்தையில் இதைப் போலவே விளிம்பு குறைந்த ஒரு நாணயத்தைப் "பிழை நாணயம்" என்று சொல்லி, சாதாரண நாணயத்தின் விலையைப் போல் ஐந்து மடங்கு கேட்டார்கள். என்னிடம் உள்ளதும் அத்தகையதுதானா? இதை எப்படி உறுதி செய்வது? அம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் திருநீறு போட்டுத் துலக்கியதால் நாணயம் நன்றாகவே மின்னுகிறது.

செந்தூல் சேகரிப்பாளர்:
வணக்கம் ஐயா. முதலில் நாணயத்தை எடை போடுங்கள். 1903, 1904ஆம் ஆண்டுகளின் ஒரு வெள்ளி நாணயம் 26.95 கிராம் எடையும் 90 விழுக்காடு வெள்ளியும் கொண்டது. பின்னர் வெள்ளியின் விலை ஏறியதால் 1907 முதல் அதை 20.21 கிராமாகச் சிறிதாக்கினார்கள். அந்த எடையில் 1903 என்ற ஆண்டு இருந்தால் அது போலி. நம் ஊரில் இந்த நாணயத்தின் போலிகள் ஏராளம் என்பதால், பிழையைத் தேடுவதற்கு முன்பு நாணயம் மெய்யானதா என்று பார்த்துவிட வேண்டும். நூலில் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்த்தால் ஏறத்தாழ 2.6 கிராம் குறைய வேண்டும்.

அடுத்து விளிம்பு. நாணயம் அடிக்கும் அக்கசாலையில் உலோகத் தகட்டிலிருந்து, பின்னர் நாணயமாக அடிக்கும் வட்ட வில்லைகளை வெட்டும்போது தகடு போதிய அளவு நகராவிட்டால், முன்பு வெட்டிய துளையின் ஓரம் அடுத்த வில்லையைக் கடித்துவிடும். அப்படிப் பிறந்த குறைபாட்டை ஒரு தடயம் காட்டிக்கொடுக்கும்: குறைந்த இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் விளிம்பு மேடு மழுங்கியிருக்கும், ஏனெனில் விளிம்பை எழுப்பும் இயந்திரத்தில் வில்லைக்கு அந்த இடத்தில் எதிரழுத்தம் கிடைத்திருக்காது. குறைந்த இடத்தை ஒட்டிய எழுத்துகளும் அரத்தால் அறுத்தது போல் முடியாமல், நீண்டு தேய்ந்து மறைவது போல் இருக்கும்.

இலக்கத்துக்கும் இதே போன்ற சோதனை உண்டு. நாணயத்தை அடிக்கும் அச்சிலேயே உருவம் இருமுறை பதிந்திருந்தால் இரண்டாவது உருவமும் உருண்டு, உயர்ந்து, கோட்டின் முனைகளில் பிளவோடு தெரியும். இலக்கமும் வழக்கத்தைவிடத் தடித்திருக்கும். அடித்த பிறகு தளர்ந்த அச்சு சற்று நகர்ந்திருந்தால் படிக்கட்டு போல் தட்டையான, தாழ்ந்த ஓரம் மட்டுமே தெரியும், இலக்கம் மெலிந்துபோயிருக்கும். முதல் வகைக்குத்தான் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவார்கள். பழைய அச்சின் மீது புதிய இலக்கத்தைக் குத்துவதும் அக்காலத்தில் நடந்தது. பிரிட்டிஷ் வணிக டாலரில் 7இன் மேல் 8 குத்திய 1908ஆம் ஆண்டு நாணயம் நன்கு அறியப்பட்டது. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியை வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாருங்கள்.

தண்ணீர்மலை வாசி:
மிக்க நன்றி ஐயா. எடை 26.31 கிராம், தண்ணீரில் 2.55 கிராம் குறைந்தது. எதிர்ப்பக்க விளிம்பு முழுமையாக, கூர்மையாக இருக்கிறது. பிறை போன்ற இடத்தில் மெல்லிய கீறல்களும், அதன் அருகில் சாம்பல் நிறப் பற்றும் தெரிகின்றன. 3இன் ஓரம் நீங்கள் சொன்ன படிக்கட்டைப் போலவே தட்டையாக உள்ளது. பாட்டி காசுமாலை அணிந்திருந்ததாக அம்மா இப்போது சொல்கிறார்.

பிறை ஆசிரியை:
அப்படியானால் விளிம்புக்கான விடை காசுமாலையில்தான் இருக்கிறது. வளையத்தைப் பற்றவைத்து, பின்னாளில் அதை அகற்றிய தட்டார் பற்றின் மிச்சத்தை அரத்தால் அராவியிருக்கிறார். இந்நாட்டுத் தமிழர் குடும்பங்களின் பழைய நாணயங்களில் நான் பலமுறை கண்ட சேதம் இது. சேகரிப்பாளர் சந்தையில் இது விலையைக் குறைக்குமே தவிர ஏற்றாது. நாணயத்திலுள்ள ஏறத்தாழ 24 கிராம் தூய வெள்ளியின் மதிப்பு மட்டும் எப்போதும் உங்களுக்கு இருக்கும். தம்பி, சந்தையில் ஒருவர் கேட்கும் விலையை மதிப்பாகக் கொள்ளாதீர்கள். ஏலங்களில் அதே வகையான நாணயம் உண்மையில் விற்ற விலையையே பார்க்க வேண்டும். மெய்யான பிழை என்று நம்பும் நாணயத்தைப் பி.சி.ஜி.எஸ் அல்லது என்.ஜி.சி நிறுவனத்துக்கு அனுப்பித் தரச்சான்று பெறலாம். உங்கள் நாணயத்துக்கு அந்தச் செலவு வீண்.

திருநீற்றால் துலக்குவதை அருள்கூர்ந்து இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் மினுக்கம் என்று சொல்வது நுண்ணிய கீறல்களின் மினுக்கம். அச்சிலிருந்து வந்த இயல்பான பளபளப்பு ஒருமுறை போனால் திரும்பாது. மென்மையான பி.வி.சி உறையிலும் வைக்காதீர்கள். நம் ஊர் வெக்கையில் அது பச்சைப் பிசினை உண்டாக்கும்.

செந்தூல் சேகரிப்பாளர்:
ஆசிரியை சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் ஒன்று மீதமிருக்கிறது. பம்பாய் அக்கசாலையின் "பி" குறி 1903இல் குழிந்தும் புடைத்தும் இரு வகையாக வந்தது. இது பிழையன்று, அச்சு வேறுபாடு. இருந்தாலும் விலை பேசும்போது எந்த வகை என்று கட்டாயம் கேட்பார்கள்.

தண்ணீர்மலை வாசி:
உருப்பெருக்கிக் கண்ணாடி இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறது. மாலையில் வாங்கிவந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். எந்த வகையானாலும் பாட்டியின் கழுத்தில் கிடந்த நாணயத்தை இனி விற்கப்போவதில்லை.