ஆஃப் கேம்பஸ் டிரைவ்: ஒரே நாளில் நாலு ரவுண்டு

கேள்வி: பி.இ., இ.சி.இ. கடைசி வருடம். அடுத்த வாரம் கல்லூரிக்கு வெளியே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆள் எடுக்கும் டிரைவ். ஆப்டிட்யூட் (கணக்கு, தர்க்கத் திறன் தேர்வு), கோடிங் (புரோகிராம் எழுதுவது), குழு விவாதம், நேர்முகம் எல்லாம் ஒரே நாள். எங்கே அதிகம் சறுக்கும்?

பதில் 1: கோடிங்கில்தான். மாதிரி இன்புட்டுக்கு விடை வந்ததுமே சப்மிட் செய்துவிடுவார்கள். புரோகிராமைச் சோதிக்க மறைத்து வைத்த இன்புட்டில் (டெஸ்ட் கேஸ்) 1,00,000 எண்கள்கூட வரலாம். லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள்) இன்னொரு லூப் போட்டிருந்தால், கொடுத்த நேரம் தாண்டிவிடும். காலி இன்புட், மைனஸ் எண், ஒரே எண் திரும்ப வருவது, மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். ஆப்டிட்யூட்டில் நெகட்டிவ் மார்க் உண்டா என்று முதலில் படியுங்கள்.

பதில் 2: அதற்கும் முன்னால் விண்ணப்பம் இருக்கிறதே தம்பி. 59.6 சதவீதத்தை 60 என்று போடாதீர்கள், சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டும். நம் ஊர் இனிஷியல் தொல்லை வேறு: மார்க்‌ஷீட்டில் ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர். மார்க்‌ஷீட்டில் உள்ளபடி நிரப்பிவிட்டு, ஆதார் திருத்தத்துக்கு இப்போதே கொடுங்கள்.

பதில் 3: குழு விவாதம் 10 பேர், 15 நிமிடம் என்றால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம்தான். முந்திக்கொண்டு பேசி நடுவில் திணறுவதைவிட, அடுத்தவர் சொன்னதோடு ஒரு உதாரணம் சேர்ப்பது மேல்.

கேட்டவர்: நன்றி அண்ணா. ரெஸ்யூமேயில் பைத்தான் புரோகிராம் மொழி தெரியும் என்று போடலாமா?

பதில் 1: பேப்பரில் எழுதிக் காட்ட முடிந்தால் போடுங்கள்.